தாளம் யாருடையது?

ஆண்டு மலருக்குக் கட்டுரை கொடு என்று செயலாளர் கேட்டபோது, "இளைஞனே எழுந்திரு", "வேலையில்லாத் திண்டாட்டம்" என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டுத் தப்பித்திருக்கலாம். அதையெல்லாம் என்னைவிட நன்றாக எழுத இந்த மலரில் ஆள் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது நம்ம ஹாஸ்டல் மெஸ்ஸில் நடந்த ஒரு சண்டையைப் பற்றி. அடிதடி இல்லை, வாய்ச்சண்டைதான். ஆனால் அன்றைக்கு எங்கள் மேஜையில் ரசம் ஆறிப் பச்சைத் தண்ணீர் ஆகிவிட்டது.

சங்கதி இதுதான். யுனெஸ்கோவின் ஜெர்மன் கமிஷன் அந்த நாட்டுக் கலாச்சார மரபுகளுக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. நாட்டுப்புறக் கலை, கைவினை, திருவிழா என்று தாத்தா காலத்துச் சமாச்சாரங்கள் இருக்கிற பட்டியல். அதில் 2024 மார்ச் மாதம் பெர்லின் நகரத்து டெக்னோ கலாச்சாரத்தையும் சேர்த்துவிட்டார்கள். டெக்னோ என்றால் தெரியும் இல்லையா? "டும் டும் டும் டும்" என்று நிற்காமல் அடிக்கிற அந்த மெஷின் டான்ஸ் இசை. பாட்டே இருக்காது, இருந்தாலும் ஒரு வரி இரண்டு வரி. நம்ம கல்லூரி நாளில் கடைசி அரை மணி நேரம் ஸ்பீக்கர் செட் அதிரப் போடுகிறோமே, அதற்குப் பாட்டன் முறை.

இதைப் படித்துவிட்டு மெக்கானிக்கல் நண்பன் ஒருவன் ஆரம்பித்தான். "பென்ஸ் கார் மாதிரி டெக்னோவும் ஜெர்மன்காரன் சரக்குடா மாப்ள!" உடனே பக்கத்து மேஜையிலிருந்து, "அடப் போடா, அது அமெரிக்காவில் கறுப்பினப் பையன்கள் ஆரம்பித்தது" என்று ஒரு குரல். "மெஷின் எல்லாம் ஜப்பான்காரன் செய்தது, அவன் இல்லாவிட்டால் எதை வைத்துத் தட்டுவீர்கள்?" என்று மூன்றாவது கட்சி. இதற்கெல்லாம் சிகரமாக, தட்டைக் கழுவிக்கொண்டிருந்த முதலாண்டுத் தம்பி ஒருவன் திரும்பிப் பார்த்து, "அண்ணா, நீங்க எல்லாருமே தப்பு. இந்தியாதான். பம்பாயில ஒருத்தர் 1982-லேயே போட்டுட்டார்" என்றானே பார்க்கலாம்! வார்டன் வந்து விளக்கை அணைக்கிறவரை ஓயவில்லை.

நான் அன்றைக்குச் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்த இசைக்குச் சொந்தக்காரர்கள் அமெரிக்காவின் சிகாகோ, டெட்ராய்ட் என்ற இரண்டு நகரங்களைச் சேர்ந்த கறுப்பின இளைஞர்கள். மற்ற மூன்று கட்சிக்கும் பங்கு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பங்கு வேறு, பட்டா வேறு.

ஜெர்மன் கட்சியை முதலில் எடுப்போம். அது பலமான கட்சி. டுசெல்டார்ஃப் நகரத்தில் ரால்ஃப் ஹுட்டர், ஃபுளோரியன் ஷ்னைடர் என்ற இருவர் தொடங்கிய 'கிராஃப்ட்வெர்க்' குழு 1974-ல் 'ஆட்டோபான்', 1977-ல் 'டிரான்ஸ் யூரோப் எக்ஸ்பிரஸ்', 1981-ல் 'கம்ப்யூட்டர் வேர்ல்டு' என்று வரிசையாக இசைத்தட்டு போட்டது. கிதார், டிரம்ஸ் எல்லாவற்றையும் ஓரம்கட்டிவிட்டு எலெக்ட்ரானிக் கருவிகளை வைத்தே ஒரு பாட்டு உலகத்தைக் கட்டினார்கள். சும்மா சொல்லக்கூடாது, இன்றைக்குக் கேட்டாலும் நேற்று வந்தது மாதிரி இருக்கிறது. ஆனால் ஒரு விஷயம். அந்தக் குழுவில் தாளம் வாசித்த கார்ல் பார்ட்டோஸ், தாங்கள் எல்லோரும் ஜேம்ஸ் பிரவுன் போன்ற அமெரிக்கக் கறுப்பின இசைக்கு ரசிகர்கள் என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். ஆக, "ஜெர்மன்காரனிடமிருந்து கறுப்பினப் பையன்கள் எடுத்துக்கொண்டார்கள்" என்று ஒருவன் சொன்னால், ஜெர்மன்காரன் எங்கிருந்து எடுத்தான் என்று திருப்பிக் கேட்கலாம். கடன் கொடுத்தவனே முன்பு கடன் வாங்கியவன்!

ஜெர்மன் கட்சியின் இரண்டாவது சாட்சி 1977-ல் ம்யூனிக் நகரத்து ஸ்டுடியோவில் உருவான 'ஐ ஃபீல் லவ்'. பாடியவர் டோனா சம்மர். இசை ஜியார்ஜியோ மொரோடர், அவரோடு பீட் பெலோட். இந்தப் பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நம்ம ஜாதி ஆள் ஒருவர் இருக்கிறார். டெக்னீஷியன் ஜாதி!

அந்தக் காலத்து மோக் சிந்தசைசர் அலமாரி அளவுக்கு இருக்கும். முன்பக்கம் முழுக்க ஒயர்கள், டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி. சூடு ஏற ஏற ஆசிலேட்டர் விலகும், சுருதி போய்விடும். அதனால் சில விநாடிகள் பதிவது, நிறுத்துவது, சுருதி சேர்ப்பது, மறுபடி பதிவது என்று ஒட்டுப் போட்டுத்தான் வேலை நடந்தது. அதைவிடப் பெரிய தலைவலி வேறு. முதலில் பதிந்த பாகத்தோடு அடுத்த பாகம் இம்மி பிசகாமல் சேர்ந்து ஓட வேண்டும். மனிதன் வாசித்தால் காதால் கேட்டுச் சேர்ந்துகொள்வான். மெஷினுக்குக் காது ஏது? ராபி வெடல் என்ற டெக்னீஷியன்தான் வழி காட்டினார். டேப்பில் ஒரு டிராக்கை ஒதுக்கி அதில் வெறும் பல்ஸை மட்டும் பதிந்துவிட வேண்டியது. பிறகு எத்தனை பாகம் பதிந்தாலும் அந்தப் பல்ஸே சிந்தசைசரின் சீக்குவென்சரை ஓட்டும். நம்ம டிஜிட்டல் லேபில் கிளாக் பல்ஸ் கொடுக்கிறோமே, அதே கதை. ஒரே கிளாக், எல்லாம் சேர்ந்து ஓடும். அந்தப் பாட்டின் பேஸ் ஒலியை ஒரு ஸ்பீக்கரில் நேராகவும் இன்னொன்றில் ஒரு நொடித் துணுக்கு தாமதமாகவும் விட்டதில் அது இரட்டை வேகத்தில் ஓடுகிற மாதிரி ஒரு மயக்கம். கேட்டவர்கள் அசந்துபோனார்கள். மொரோடர் பெயர் உலகத்துக்கே தெரியும். வெடல் பெயரை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

இன்னொரு வேடிக்கை. முழுக்க முழுக்க மெஷின் பாட்டு என்று பெயர் வாங்கிய இதில், அந்த "டும் டும்" மட்டும் மெஷின் இல்லை. மோக் சிந்தசைசரில் அழுத்தமான டிரம் ஓசை கிடைக்கவில்லை என்று கீத் ஃபோர்சி என்ற டிரம்மரை உட்காரவைத்துக் காலால் மிதிக்கச் சொன்னார்கள். பாட்டு முடியும்வரை மனுஷன் மெஷின் மாதிரி மிதித்தார்.

அடுத்தது ஜப்பான் கட்சி. டிப்ளமோ படிக்கிற எவனுக்கும் இந்தக் கட்சி மேல் ஒரு சாய்வு வந்துவிடும். எனக்கும் உண்டு. இகுடாரோ ககேஹாஷி என்பவர் 1972-ல் ஒசாகாவில் தொடங்கிய ரோலண்ட் கம்பெனி 1980-ல் டி.ஆர்.-808 என்ற டிரம் மெஷினை விட்டது. நம்ம ஊர் மெல்லிசைக் கச்சேரிகளில் 'ரிதம் பாக்ஸ்' என்பார்களே, அந்த இனம். விலை 1,195 டாலர். அதே சமயம் அமெரிக்காவில் வந்த லின் டிரம் மெஷின் நிஜமான டிரம் ஓசையைப் பதிந்து சிப்பில் வைத்திருந்தது. அதன் விலை கிட்டத்தட்ட 5,000 டாலர். 808-ல் பதிந்த ஓசை எதுவும் கிடையாது. எல்லாமே சர்க்கியூட். ஆப்-ஆம்ப் ஒன்றின் ஃபீட்பேக்கில் பிரிட்ஜ்டு-டி நெட்வொர்க் போட்டு, ஒரு பல்ஸால் தட்டிவிட்டால் அலைந்து அலைந்து அடங்குகிற ஒரு சைன் அலை வருகிறது. அதுதான் பேஸ் டிரம்! 'டேம்ப்டு ஆசிலேஷன்' என்று ரெக்கார்டு நோட்டில் வரைகிறோமே, அந்த அலைதான் உலகத்தையே ஆட்டிவைத்தது. சிம்பல் ஓசைக்கு ஆறு ஸ்கொயர் வேவ் ஆசிலேட்டர்களைக் கலந்து வடிகட்டினார்கள். "ஸ்ஸ்" என்ற அந்த இரைச்சலுக்காகத் தரச் சோதனையில் தேறாத டிரான்சிஸ்டர்களைத் தேடி வாங்கிப் போட்டதாக ககேஹாஷியே பின்னாளில் சொன்னார். டிரான்சிஸ்டர் தொழில் முன்னேறி, கழிவு சரக்கு கிடைக்காமல் போனதும் 808-க்கு மூடுவிழா. ஃபெயிலான டிரான்சிஸ்டர்கூட வரலாற்றில் இடம் பிடிக்கிறது, அரியர் வைத்திருக்கும் தோழர்கள் கவனிக்க!

808 சுமார் 12,000 மட்டும் செய்யப்பட்டு 1983-ல் நின்றது. நிஜ டிரம்ஸ் மாதிரி இல்லையே என்பதுதான் அதன் மேல் குற்றச்சாட்டு. அதைவிடப் பரிதாபம் டி.பி.-303. டடாவோ கிகுமோட்டோ வடிவமைத்து 1981 இறுதியில் வந்த வெள்ளி நிறப் பெட்டி. கிதார் பழகுகிறவன் பக்கத்தில் பேஸ் கிதார் வாசிக்க ஆள் இல்லாத குறையைத் தீர்க்க வந்தது. ஒரே ஒரு ஆசிலேட்டர், ஒரு ஃபில்டர், பதினாறு படி கொண்ட சீக்குவென்சர். புரோகிராம் செய்வது பெரும் சித்திரவதை, வந்த ஓசையோ பேஸ் கிதார் மாதிரியே இல்லை. சுமார் 10,000 பெட்டியோடு 1984-ல் நிறுத்திவிட்டார்கள். பழைய சாமான் கடைக்குப் போய்ச் சேர்ந்தது.

இங்கேதான் ஜப்பான் கட்சி தடுக்கி விழுகிறது. இந்தப் பெட்டிகளைச் செய்தவர்கள் டான்ஸ் இசையை நினைத்துச் செய்யவில்லை. கடையில் தோற்ற பிறகு, யார் கைக்கோ போன பிறகுதான் அவை ஜெயித்தன. அம்மி கொத்தினவன் திறமை பெரிதுதான், அதற்காகச் சட்னிக்குப் பேர் அவனுக்குக் கொடுக்க முடியுமா?

சரி, யார் கைக்குப் போயின? சிகாகோவுக்குப் போவோம்.

1979 ஜூலை 12. சிகாகோவின் கொமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானம். உள்ளூர் ரேடியோ அறிவிப்பாளர் ஸ்டீவ் டால் என்பவர் டிஸ்கோ இசையை ஒழிக்கக் கிளம்பியிருந்தார். ஆளுக்கொரு டிஸ்கோ இசைத்தட்டு கொண்டுவந்தால் நுழைவுக் கட்டணம் வெறும் 98 சென்ட். அன்றைக்கு இரண்டு ஆட்டம். முதல் ஆட்டம் முடிந்ததும் சேர்ந்த தட்டுகளை மைதானத்தின் நடுவே வெடி வைத்துத் தகர்த்தார்கள். சுமார் ஐம்பதாயிரம் பேர் கூட்டம். ஆயிரக்கணக்கில் உள்ளே குதித்துப் புல்லைப் பிய்த்து, தீ மூட்டி, இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை. எதிரணி எது தெரியுமா? டெட்ராய்ட் டைகர்ஸ்! அவர்களுக்கு அன்று ஆடாமலே வெற்றி.

அந்த மைதானத்தில் டிக்கெட் பார்த்து இடம் காட்டுகிற வேலையில் வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பினப் பையன் நின்றிருந்தான். சிந்தசைசர் வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்தவன். வந்து குவிந்த தட்டுகளில் டிஸ்கோவே இல்லாத பல தட்டுகள் இருந்தன, கறுப்பினத்தவர் பாடியது என்ற ஒரே காரணத்துக்காகக் கொண்டுவந்திருந்தார்கள் என்று அவர் பிற்காலத்தில் சொன்னார். அதன் பிறகு பெரிய கம்பெனிகள் டிஸ்கோவைக் கைகழுவின. டான்ஸ் தட்டுகள் வருவது குறைந்தது.

ஆனால் ஆடுகிறவன் நிறுத்துவானா? சிகாகோ சவுத் ஜெஃபர்சன் தெரு 206-ம் எண் கட்டடத்தில் 1977 முதல் 'வேர்ஹவுஸ்' என்ற கிளப் நடந்தது. வந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள், அதிலும் தன்பாலீர்ப்பு காரணமாக மற்ற இடங்களில் ஒதுக்கப்பட்டவர்கள். நியூயார்க்கிலிருந்து வந்த ஃபிராங்கி நக்கிள்ஸ் அங்கே தட்டு போடுகிறவர். புதுத் தட்டு வரத்துக் குறைந்தபோது அவர் பழைய தட்டுகளையே டேப்பில் வெட்டி ஒட்டி நீளமாக்கினார், ஐரோப்பாவிலிருந்து வந்த எலெக்ட்ரானிக் தட்டுகளைக் கலந்தார், பிறகு அடியில் டிரம் மெஷினை ஓடவிட்டார். 'வேர்ஹவுஸ்' என்ற பெயரின் வாலைப் பிடித்துத்தான் அந்த இசைக்கு 'ஹவுஸ்' என்று பெயர் வந்தது.

1984-ல் ஜெஸ்ஸி சாண்டர்ஸ் 'ஆன் அண்ட் ஆன்' என்ற தட்டைப் போட்டார். கூட எழுதியவர் யார்? மைதானத்தில் நின்ற அதே வின்ஸ் லாரன்ஸ். ஹவுஸ் இசையின் முதல் தட்டு என்று பெரும்பாலோர் சொல்வது இதைத்தான். இதற்குப் பின்னால் ஒரு திருட்டு உண்டு. சாண்டர்ஸ் கிளப்பில் வழக்கமாகப் போடும் ஒரு தட்டு களவு போயிற்று. பல பாட்டுகளை வெட்டி ஒட்டிய 1980-ஆம் வருஷத்துத் தட்டு அது. போனதைத் திரும்ப வாங்க முடியாமல், 808, 303, ஒரு சிந்தசைசர் இவற்றை வைத்து அதைப் போலவே தானே ஒன்று செய்துகொண்டார். ஆக, 'முதல் தட்டு' என்பதே தொலைந்துபோன ஒரு நகலின் நகல்! அசல் எது, நகல் எது என்று கோர்ட்டில் நிற்கிறவர்களுக்கு இந்த இடத்தில் தலை சுற்றும். ஆனால் அதைக் கேட்ட அக்கம்பக்கத்துப் பையன்கள், "இவ்வளவுதானா? இதை நானும் செய்வேனே" என்று கிளம்பினார்கள் பாருங்கள், அதுதான் முக்கியம். ஒரு தெருவே இசையமைக்க ஆரம்பித்தது.

அப்படிக் கிளம்பிய மூவர் டி.ஜே. பியர், ஸ்பாங்கி, ஹெர்ப் ஜே. ஸ்பாங்கி ஒரு செகண்ட் ஹேண்ட் 303 வாங்கிவந்தார். எப்படிப் புரோகிராம் செய்வது என்று பிடிபடவில்லை. பெட்டிக்குள் ஏற்கெனவே தாறுமாறாக ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பியர் சும்மா இருக்க மாட்டாமல் அது ஓடும்போதே ஃபில்டர் திருகுகளைத் திருகினார். ரெசனன்ஸை ஏற்றி கட்-ஆஃப் அளவை மேலும் கீழும் ஓட்டினால் "கிய்ங்... க்வாவ்..." என்று அந்தப் பெட்டி கதறும். மேனுவலில் அந்தத் திருகுகள் ஓசையைச் சரிசெய்து வைத்துக்கொள்ளத்தான். ஓடும்போது திருகிக்கொண்டே இருந்தால் அதுவே பாட்டு என்று எந்த மேனுவலிலும் இல்லை. டேப்பை 'மியூசிக் பாக்ஸ்' கிளப்பில் ரான் ஹார்டியிடம் கொடுத்தார்கள். முதல் தடவை போட்டபோது ஆடுகிறவர்கள் தளத்தை விட்டே போய்விட்டார்கள். ஹார்டி விடவில்லை. அதே இரவில் நாலு தடவை போட்டார். நாலாவது தடவை கூட்டம் வெறிபிடித்து ஆடியது. 1987-ல் 'ஆசிட் டிராக்ஸ்' என்று தட்டாக வந்தது அதுதான்.

லேபில் நாம் ஒரு திருகைத் தப்பாகத் திருகினால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி வேண்டாம்.

டெட்ராய்ட் கதை வேறு ரகம். அது கார்களின் ஊர். 1950-ல் சுமார் 18.5 லட்சம் பேர் இருந்த நகரத்தில் 1980-ல் 12 லட்சம்தான். தொழிற்சாலைகள் மூடின, மனிதன் நின்ற இடத்தில் ரோபோ வந்து நின்றது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பெல்வில் என்ற சிற்றூர்ப் பள்ளியில் படித்த மூவர், ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன். இரவு ரேடியோவில் 'எலெக்ட்ரிஃபையிங் மோஜோ' என்ற அறிவிப்பாளர், கறுப்பு வெள்ளை வித்தியாசம் பார்க்காமல் ஒரே நிகழ்ச்சியில் கிராஃப்ட்வெர்க், பிரின்ஸ், ஜார்ஜ் கிளின்டன் எல்லோரையும் போடுவார். ஜார்ஜ் கிளின்டனும் கிராஃப்ட்வெர்க்கும் ஒரே லிஃப்டில் மாட்டிக்கொண்ட மாதிரி இசை என்று டெரிக் மே சொன்னது இன்றுவரை எல்லோராலும் எடுத்தாளப்படுகிறது. கிராஃப்ட்வெர்க்கின் கடனை மறைக்கவே இல்லை பாருங்கள்.

அட்கின்ஸ் பள்ளி முடித்துப் போய்ச் சேர்ந்தது பெரிய யுனிவர்சிட்டி இல்லை. வாஷ்டெனா கம்யூனிட்டி காலேஜ், நம்ம பாலிடெக்னிக் மாதிரி டிகிரிக்குக் கீழே உள்ள இரண்டு வருஷப் படிப்பு. அங்கே வியட்நாம் போரிலிருந்து திரும்பிய ரிக் டேவிஸைச் சந்தித்தார். இருவரும் 'சைபோட்ரான்' என்று பெயர் வைத்து 1981-ல் சொந்தமாகத் தட்டு போட்டார்கள். ஆல்வின் டாஃப்லர் எழுதிய 'மூன்றாவது அலை' புத்தகத்தை விழுந்து விழுந்து படித்தார்கள். மெஷினுக்கு அடிமையாகாமல் மெஷினைத் தன் வழிக்குக் கொண்டுவருகிறவர்களைப் பற்றி அதில் வருகிறது. 'டெக்னோ' என்ற சொல்லை அங்கிருந்துதான் அட்கின்ஸ் பிடித்தார். ஃபோர்டு தொழிற்சாலை ரோபோக்கள்தான் டெட்ராய்ட்டின் பழைய மோட்டவுன் பாட்டுகளைவிடத் தன்னை ஈர்த்தன என்றும் அவர் சொன்னதுண்டு. அப்பன் வேலையைப் பிடுங்கிய ரோபோவையே பையன் தாளம் போட வைத்தான். எனக்கு இந்த இடத்தில் மயிர்க்கூச்செறிகிறது, ஏனென்று நம் தொழிற்பேட்டை வாசலில் வேலைக்கு நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இரண்டு ஊருக்கும் போக்குவரத்து இருந்தது. டெரிக் மே தன்னிடமிருந்த டி.ஆர்.-909 டிரம் மெஷினைச் சிகாகோவின் ஃபிராங்கி நக்கிள்ஸுக்கு விற்றார். 1988-ல் டெட்ராய்ட் பாட்டுகளைத் தொகுத்து இங்கிலாந்தில் ஒரு தட்டு போட்டபோது முதலில் வைக்க நினைத்த பெயரில் 'ஹவுஸ்' என்றுதான் இருந்தது. அட்கின்ஸின் பாட்டு வந்த பிறகு 'டெக்னோ' என்று மாற்றினார்கள். அந்த வருஷமே இங்கிலாந்துப் பையன்கள் இந்த இசையில் பைத்தியமானார்கள். 1989-ல் பெர்லின் சுவர் விழுந்தது. 1991-ல் பழைய டிபார்ட்மென்ட் ஸ்டோர் ஒன்றின் நிலவறைப் பெட்டகத்தில் 'டிரெசர்' கிளப் திறந்தது. அங்கே வந்து வாசித்தவர்கள், தட்டு கொடுத்தவர்கள் பட்டியலைப் பார்த்தால் டெட்ராய்ட், டெட்ராய்ட், டெட்ராய்ட்!

இப்போது முதலாண்டுத் தம்பிக்குப் பதில் சொல்ல வேண்டும். அவன் சொன்னது பொய் இல்லை. பம்பாய் சினிமா ஆர்க்கெஸ்ட்ராக்களில் வாசித்த சரண்ஜித் சிங் 1982-ல் 303, 808, ஜூபிடர்-8 சிந்தசைசர் மூன்றையும் வைத்து, டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்கள் என்று ஒரு இசைத்தட்டைப் பதிந்தார். அது இந்தியாவில் டிஸ்கோ கொடிகட்டிப் பறந்த காலம். தட்டு விற்கவில்லை, மறந்துபோயிற்று. 2010-ல் மறுபடி வெளியானபோது வெளிநாட்டுக்காரர்கள் வாயடைத்துப் போனார்கள். இது யாரோ இன்றைக்குச் செய்துவிட்டுப் பழையது என்று விட்ட புருடா என்றுகூடச் சந்தேகப்பட்டார்கள். சிகாகோ 'ஆசிட்' ஓசை ஐந்து வருஷம் முன்னாலேயே அதில் இருக்கிறது.

எப்படி வந்தது? எனக்குத் தோன்றுவது இது. நம் ராகத்தில் கார்டு மாற்றம் கிடையாது. தம்பூரா ஒரே சுருதியில் நிற்கும், அதன் மேல் ஆரோகண அவரோகணத்தில் ஸ்வரங்கள் ஊர்ந்து போகும். யமன் என்றால் நம்ம கல்யாணி, பூபாலி மோகனம், மால்கௌன்ஸ் இந்தோளம். ஸ்வரத்துக்கு ஸ்வரம் வழுக்கிச் செல்வதற்கு 303-ல் 'ஸ்லைடு' என்று ஒரு வசதியே உண்டு. கமகத்துக்குச் செய்த மாதிரி! கார்டு மாறாமல் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வருவதுதான் ஆசிட் ஹவுஸின் குணமும். ஒரே பெட்டி, ஒரே மாதிரியான சுற்று. இரண்டு பேர் ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே ஓசைக்கு வந்து சேர்ந்ததில் மாயம் ஒன்றுமில்லை.

ஆனால் தம்பி, சிகாகோவில் ஒருவன்கூட அதைக் கேட்டுத் தொடங்கியதாகத் தெரியவில்லையே! சரண்ஜித் சிங் கிணறு வெட்டினார், தண்ணீரும் வந்தது, வாய்க்கால் மட்டும் இல்லை. அவர் பங்கு பெரியது. எழுபது வயதைத் தாண்டிய பிறகு ஐரோப்பாவில் மேடையேறிக் கைதட்டல் வாங்கினார், 2015-ல் மறைந்தார். நாம் பெருமைப்படுவதில் தப்பில்லை. "நாங்கள்தான் கண்டுபிடித்தோம்" என்று மீசை முறுக்குவதற்கு முன்னால், நாம் ஏன் இருபத்தெட்டு வருஷம் அந்தத் தட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். மறுபடி வெளியிட்டதும் நாம் இல்லை, வெளிநாட்டுக்காரர்.

முதலில் செய்தவன் யார் என்ற கேள்வியை விடுங்கள். யாரிடமிருந்து நாலு பேர் கற்றுக்கொண்டார்கள், அந்த நாலு பேரிடமிருந்து நாற்பது பேர் எங்கே கற்றுக்கொண்டார்கள் என்று கேட்டால் வழி நேராகச் சிகாகோவுக்கும் டெட்ராய்ட்டுக்கும்தான் போகிறது. பட்டா அவர்களுக்கு என்று நான் சொல்வதன் காரணம் இதுதான்.

பெயர் யாருக்குப் போனால் என்ன, இசை இசைதானே என்று சிவில் நண்பன் ஒருவன் கேட்டான். நன்றாக இருக்கிறது நியாயம்! பெயர் போகிற இடத்துக்குத்தான் காசும் போகிறது. சிகாகோவின் லாரி ஹெர்டும் ராபர்ட் ஓவன்ஸும் எண்பதுகளில் போட்ட பாட்டுகளின் உரிமைக்காக 2020-ல் வழக்குப் போட்டு 2022-ல்தான் திரும்பப் பெற்றார்கள். 1982-ல் நியூயார்க்கில் 'பிளானட் ராக்' தட்டு உருவானபோது அவர்களிடம் 808 கிடையாது. டிரம் மெஷினோடு வருகிறேன், ஒரு தடவைக்கு இருபது டாலர் என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்திருந்த ஒருவரைக் கூப்பிட்டார்கள். கிராஃப்ட்வெர்க்கின் மெட்டும் தாளமும் அந்த 808-ல் மறுபிறவி எடுத்து உலகம் முழுக்க ஓடின. 808-ஐ இயக்கிய அந்த ஆளின் முதல் பெயர் மட்டும்தான் தயாரிப்பாளர் நினைவில் நின்றது. ஜோ. இருபது டாலர், ஜோ, அவ்வளவுதான். பிராக்டிகல் செய்தவன் ஒருவன், ரெக்கார்டில் கையெழுத்து இன்னொருவனுக்கு. நமக்குத் தெரியாத கதையா?

ஜெர்மன்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் பட்டியலில் சேர்த்தது பெர்லின் கலாச்சாரத்தை. டெக்னோ எங்களுக்கே பிறந்தது என்று எழுதிக்கொள்ளவில்லை. சுவர் விழுந்த ஊரில் கிழக்கும் மேற்கும் ஒரே தளத்தில் சேர்ந்து ஆடியது அவர்கள் சொந்த அனுபவம், அது மரபுதான். சிகாகோ நகரசபையும் 2023-ல் அந்தப் பழைய வேர்ஹவுஸ் கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்துவிட்டது. ஃபிராங்கி நக்கிள்ஸ் அதைப் பார்க்க இல்லை, 2014-லேயே போய்விட்டார். என் சண்டை நம்ம மெஸ் மேஜைக்காரர்களோடுதான். பட்டியலில் பெயர் வந்தவனே படைத்தவன் என்று உடனே நம்பிவிடுகிறோமே, அதோடு.

இந்தக் கட்டுரையை மலர்க் குழுவிடம் கொடுப்பதற்கு முன்னால் மெக்கானிக்கல் நண்பனிடம் படித்துக் காட்டினேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே கேட்டான். நான் விடவில்லை. "உன் ம்யூனிக் பாட்டையே எடுத்துக்கோ. பாடினவங்க அமெரிக்காவில் பாஸ்டன்காரம்மா. இசை போட்டவர் இத்தாலிக்காரர். பெலோட் இங்கிலாந்து, டிரம் மிதித்த ஃபோர்சியும் இங்கிலாந்து. இதில் ம்யூனிக்காரன் எங்கேடா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தான். "அந்த டெக்னீஷியன் இருக்காருல்ல?" என்றான்.

அந்த ஒரு பாயிண்டை மட்டும் அவனுக்கே விட்டுவிட்டேன்.